உசிலம்பட்டிக் கண்மாயில் டால்பின் கதவு

டால்பின் என்றால் என்ன என்று மதுரையில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். ஆளுக்குத் தகுந்தபடி பதில் சொன்னேன். ரிக்‌ஷாக்காரரிடம் பெரிய மீன் என்றேன். பழங்காநத்தத்துப் பால்காரரிடம் கொஞ்சம் பொறுப்போடு, பார்க்க மீன் மாதிரி இருக்கும், ஆனால் மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்றேன். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, "எம்புட்டுக் கறக்கும்?" என்று கேட்டார். நானே அதுவரை டால்பினைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். இதை மதுரையில் யாரிடமும் சொல்லவில்லை.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். படித்தது நூல் தொழில்நுட்பம். ஒரு நைலான் இழை எவ்வளவு பாரம் தாங்கும், எந்த முடிச்சு எப்போது அவிழும் என்று கேட்டால் சொல்வேன். மீனைப் பற்றிக் கேட்டால், குழம்பு அளவில்தான் தெரியும். எங்கள் ஊர் சங்கம் ஒன்று, சூரை மீன் கப்பல்களின் வலையில் டால்பின்கள் சாவதை எதிர்த்துப் பிரசாரம் செய்துவந்தது. கடை கடையாக ஏறி, "டின் மீன் வாங்காதீர்கள்" என்றோம். கடைசியில் ஒரு கப்பல் முதலாளி அலுத்துப்போய், "சரி, உங்கள் கதவு வைத்த வலையையே போடுகிறேன். ஆனால் என் வலைக்காரர் நெய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். சரக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது" என்றார். அந்த வலைக்காரர் இருந்த ஊர் மதுரை. அடுத்த திங்கட்கிழமை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி கிளம்பும். அதற்குள் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் வலைகள் பழைய மாதிரியே கடலுக்குப் போகும்.

அந்தக் கதவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூரைக் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைக்கும்போது கூடவே நீந்தும் டால்பின்களும் அகப்படும். மீன் அடியில் போகும். டால்பின் மூச்சுக்காக மேலே வரும். வலையின் மேல்விளிம்பை மிதவைகள் தாங்கி நிற்கும். அவற்றில் ஒரு பகுதியை மட்டும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் கட்டிவைத்தால், இழுத்ததும் அந்த இடம் தண்ணீருக்குள் தாழ்ந்து வாசலாகிவிடும். மேலே நிற்பவை வெளியேறும். அடியில் இருப்பவை உள்ளேயே தங்கும். வாசல் பக்கத்து வலையின் கண்கள் பெரிதாக இருந்தால் டால்பினின் மூக்கும் துடுப்பும் மாட்டிக்கொள்ளும் என்பதால், அங்கே மட்டும் பொடிக்கண் வலை வேண்டும். அவ்வளவுதான். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

திங்கட்கிழமை. திருநகரைத் தாண்டி, திருமங்கலம் சாலையில், கருவேல மரங்களுக்கு நடுவே வேலுச்சாமியின் வலை மில் இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கடலை விட்டு இவ்வளவு தூரத்தில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கடக்கரையில வச்சா உப்புக்காத்துல மிஷினு துருப்பிடிச்சுப் போகும்மா. இங்க ஒரு ஆணி துருப்பிடிச்சதில்ல!" என்று கூவினார். தறிச் சத்தத்திலேயே ஆயுள் போனவர். சத்தமில்லாத அறையிலும் கூவித்தான் பேசுவார். நாம் பேசுவது அவர் காதில் பாதிதான் விழும்.

கதவைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தறிக்காரர்களைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீகளாப்பா? பூட்டு விக்கிறவன்கிட்ட வந்து, தொறந்தே கெடக்குற பூட்டா ஒண்ணு குடுங்கன்னு கேக்குறாக!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான்.

அவருக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பொடிக்கண்ணையும் பெரிய கண்ணையும் சேர்க்கும் தையல் பிய்ந்தால் கெடுவது அவர் பெயர். இரண்டு, கதவு திறந்தால் மீனும் போய்விடாதா?

"அந்தப் பிராணி எப்படித்தான்மா இருக்கும்?"

நான் வரிசையாகச் சொன்னேன். காற்றைத்தான் சுவாசிக்கும். குட்டி போடும். பால் கொடுக்கும். கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். தண்ணீருக்குள் கிடந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டும்.

"எருமைன்னு சொல்லுங்க!" என்றார் வேலுச்சாமி. தறிகளே நின்றுவிடும்போல அறை அதிர்ந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு படி மேலே போனார். "உசிலம்பட்டிப் பக்கம் என் மச்சினன் ஊருல கண்மாயும் இருக்கு, எருமையும் இருக்கு. வலைக்குள்ள விட்டுத் தையல் பிய்யாம வெளிய எடுத்துக் காட்டுங்க. மறுநாளே தறியில ஏத்திருவோம்!"

நான் கொஞ்சம் யோசித்தேன். எருமைக்கு எடை அதிகம். ஆனால் அதைத் தாங்கும் தையல் டால்பினைத் தாராளமாகத் தாங்கும். சோதனை என்று பார்த்தால் இது கடுமையான சோதனை, ஆகவே நல்ல சோதனை.

"சரி. உங்களுக்கு எந்த நாள் வசதிப்படும்?" என்றேன்.

சிரிப்பு நின்றது. அத்தனை தறிக்காரர்களும் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல், "வியாழக்கிழமை" என்றார், முதல்முறையாக மெதுவான குரலில்.

செவ்வாய்க்கிழமை பிரசாரம். எங்கள் சங்கத்தின் மதுரைக் கிளை பழங்காநத்தத்தில் இருந்தது. கிளையின் மொத்த உறுப்பினர் நூர்ஜஹான் டீச்சர். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவர். எங்கள் சங்கத்துக்குக் கடிதம் எழுதப்போய் மாட்டிக்கொண்டவர். நான் தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான். இருவரும் துண்டுப் பிரசுரங்களைச் சுமந்துகொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போய் நின்றோம்.

"டின்னுல அடைச்ச மீனு வாங்காதீங்கண்ணே" என்றார் டீச்சர், ஒரு மளிகைக்கடைக்காரரிடம்.

"டின்னுல மீனா? எப்பச் செத்ததோ! அத எவன் வாங்குவான்?"

"டால்பினுக்காக வாங்கக் கூடாதுண்ணே."

"யாருக்காகவும் வாங்க மாட்டேம்மா. நீங்க கவலப்படாமப் போங்க."

எல்லாக் கடைகளிலும் இதே பதில்தான். எங்கள் பிரசாரம் இவ்வளவு முழுமையான வெற்றியை வேறெங்கும் கண்டிருக்காது. ஒரு வடைக்கடைக்காரர் மட்டும் பிரசுரத்தை வாங்கித் தடவிப் பார்த்து, "தாளு நல்ல கனமா இருக்கே. இன்னும் இருக்குமா?" என்று அக்கறையாகக் கேட்டார். நாங்கள் மகிழ்ந்துபோய் ஒரு கட்டு கொடுத்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பருப்பு வடை, சிரிக்கிற டால்பின் படத்தில் பொதிந்து வந்தது.

"யா அல்லா, பரவுதுல்ல?" என்றார் நூர்ஜஹான் டீச்சர் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே. "பிரசாரம்னா பரவுறதுதானே."

அன்று இரவு உணவு கறி தோசை. எங்கள் ஊரில் ரொட்டி சானாயைத் தட்டில் போட்டுப் பருப்புக் குழம்பைப் பக்கத்தில் வைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளலாம். இங்கே குழம்பைத் தலையோடு ஊற்றிவிட்டுத்தான் தட்டையே நம்மிடம் நகர்த்துகிறார்கள். சாப்பிடுகிறவருக்கு யோசிக்க இடமே இல்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

புதன்கிழமை கண்மாயைப் பார்க்க உசிலம்பட்டி பஸ்ஸில் கிளம்பினேன். மதுரையில் துண்டு என்பது துணி அல்ல, ஒரு கருவி என்று அன்றுதான் தெரிந்தது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்து இருக்கைகளில் விழுந்தன. எல்லோருக்கும் முன்னாலேயே ஏறியும் நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஏறியவர் தன் துண்டின் மேல் உட்கார்ந்தார். அதற்குமுன் பார்த்ததையெல்லாம் சேர்த்து மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். தோளில் கிடந்தால் மரியாதை. இடுப்புக்கு இறங்கினால் பெரிய மரியாதை. தலையில் வெயிலுக்கு. நாற்காலியில் தூசிக்கு. சாலையில் வீசினால் பஸ் நிற்கும். பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதில் ஒன்று விட்டுப்போயிருந்தது.

பஸ் நகரவில்லை. கண்டக்டரின் விசில் கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டதாம். விசில் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றார் டிரைவர். "வாயால ஊதுறேன், எடுண்ணே!" என்றார் கண்டக்டர். "உன் வாயில வர்றது காத்துத்தான், விசிலில்ல" என்றார் டிரைவர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் பையில் ஒரு விசில் இருந்தது. சோதனையில் முடிச்சை அவிழ்க்கச் சைகை காட்டுவதற்காகப் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. துண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி நெருங்கும்வரை அந்த விசில் சத்தத்தை ரசித்தபடி போனேன். ஊர் விலக்கில் இறங்கினேன். கண்டக்டர் நீளமாக ஊதினார். பஸ் போய்விட்டது, விசிலோடு.

வேலுச்சாமியின் மச்சினன் மாயாண்டி, அந்த ஊரின் நாட்டாமை. இளவயதுதான். ஆனால் பதவிக்காகப் பெரிய மீசை வைத்திருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "மச்சான் அனுப்புன ஆளு. தண்ணிய எடுத்துக்கங்க, எருமைய எடுத்துக்கங்க. மீன மட்டும் தொடப்படாது. சித்திரையிலதான் கண்மாயத் தொறப்போம். நான் சொன்னாத்தான் ஊரு எறங்கும். அதுக்கு முன்ன ஒரு கெண்டக் குஞ்சக்கூட எவனும் தொட மாட்டான்" என்றார். எப்படிச் சொல்வீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

எருமைகளின் சொந்தக்காரி பேச்சியம்மாள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கருந்து வாரீக?"

"மலேசியா. பினாங்கு."

"சிங்கப்பூரா? அங்க எருமை இல்லையாக்கும்? இம்புட்டுத் தூரம் எங்க எருமையக் குளிப்பாட்ட வந்திருக்கீக!"

பால் கறக்கும் நேரத்துக்குள் எருமைகள் வீடு சேர வேண்டும், பயமுறுத்தக் கூடாது, கறுப்பி என்ற எருமையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை, தறிக்காரர்கள் கையால் கதவு தைத்துச் சேர்த்த மாதிரி வலையோடு மில் வேனில் போய் இறங்கினோம். கண்மாயில் தண்ணீர் மார்பளவு இருந்தது. எதிர்க்கரை முழுக்கக் கூட்டம். இந்த ஊர் மட்டுமல்ல, சுற்றுப்பட்டு ஊர்களும் வந்திருந்தன. வலை வருகிறது என்ற சேதி நேற்றே போயிருந்தது. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. பாதிப் பேர் கையில் மூங்கில் குச்சியால் பின்னிய கூடை இருந்தது. கூடைக்கு மேலும் இல்லை, அடியும் இல்லை. கவிழ்த்து உட்கார்ந்து பார்ப்பதற்கு என்று முடிவு செய்தேன்.

"அது எதுக்கு?" என்று எதற்கும் பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"ஊத்தாவா? அது சும்மா கையோட கெடக்கட்டும்னுதான்" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வலையைத் தண்ணீரில் வட்டமாக வளைத்தோம். கதவின் முடிச்சுக் கயிறு முருகன் என்ற தறிக்காரர் கையில். அவர் வட்டத்துக்கு வெளியே நின்றார். தையலைத் தானே பிடித்துப் பார்ப்பேன் என்று வேட்டியை மடித்துக் கட்டி, வட்டத்துக்கு உள்ளேயே இறங்கிவிட்டார் வேலுச்சாமி. வேறு யாரையும் அவர் நம்பவில்லை. எருமைகளை உள்ளே ஓட்டி வலையை மூடினோம். அவை மூக்கை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வலையைப் பற்றிய எந்த அபிப்பிராயமும் இல்லாமல் கிடந்தன. டால்பின்கள் இவ்வளவு நிதானமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

விசில் இல்லை. கத்தினால் முருகனுக்கும் கேட்காது, முதலாளிக்கும் கேட்காது. அதனால் வேனிலேயே ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். நான் உயரமான இடத்தில் நின்று வெள்ளைத் துணி ஏதாவது அசைப்பேன். அசைத்ததும் முருகன் கயிற்றை இழுக்க வேண்டும். உயரமான இடம் எது என்று பார்த்தேன். கரையில், மடைக்கு மேலே, ஒரு கல் இருந்தது. பக்கத்தில் நாட்டாமை நின்றிருந்தார். தோளில் சலவை வெள்ளையாக ஒரு துண்டு.

"இதைக் கொஞ்சம் தரமுடியுமா?" என்றேன்.

"முகம் தொடைக்கவா? தாராளமா" என்று கொடுத்தார்.

நான் கல்லின் மேல் ஏறி, துண்டை உயர்த்தி, நன்றாகத் தெரியட்டும் என்று இடமும் வலமும் அசைத்தேன்.

முருகன் கயிற்றை இழுத்தார். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. மிதவைகள் விலகிக் கதவு தாழ்ந்தது. அதுவரை எல்லாம் திட்டப்படி. அடுத்த நொடி எதிர்க்கரையிலிருந்து ஒரு பெரிய குலவைச் சத்தம் எழுந்தது. அந்தக் கரை மொத்தமும் பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்ததுபோல, ஆணும் பெண்ணும் ஊத்தாக்களோடு கண்மாய்க்குள் பாய்ந்தார்கள்.

"அடியாத்தி!" என்றார் பேச்சியம்மாள். "கண்மாயத் தொறந்துவிட்டாகளே!"

மடைக்கல்லில் ஏறி நாட்டாமை வெள்ளைத் துண்டு வீசினால் கண்மாய் திறந்தது என்று அர்த்தமாம். வேறு அறிவிப்பே கிடையாதாம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் துண்டுதான் தெரியும், கை தெரியாது. என் பட்டியலில் விட்டுப்போனது இதுதான்.

சேறு கலங்கி, மீனை அமுக்கிப் பிடிக்கும் கூடைகள் தபதபவென்று இறங்க, கூட்டம் வலையை நோக்கி வந்தது. எருமைகள் கண்ணைத் திறந்தன. இப்போது அவற்றுக்கு அபிப்பிராயம் வந்துவிட்டது. வட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றின. நடுவில் நின்ற வேலுச்சாமி இந்தப் பக்கம் ஓடினார், வலை. அந்தப் பக்கம் ஓடினார், வலை. பெரிய கண்களில் அவர் கால் விரல் மாட்டியது. உதறிவிட்டு முழங்கைவரை மாட்டிக்கொண்டார். தானே நெய்த வலையை அவர் அவ்வளவு கிட்டத்தில் உள்ளிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மச்சான்! கறுப்பியோட வாலப் பிடிங்க!" என்று மாயாண்டி கரையிலிருந்து கத்தினார்.

அது மட்டும் எப்படியோ அவர் காதில் விழுந்தது. கையை உருவிக்கொண்டு வாலைப் பிடித்தார். கறுப்பி கதவைக் கண்டுகொண்டது. தாழ்ந்திருந்த விளிம்பின் மேலாக, பொடிக்கண் வலையில் உரசி, எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறியது. அதன் வாலில் எங்கள் நாட்டின் சூரைக் கப்பல்களுக்கு வலை செய்து தரும் முதலாளி. அவர்கள் பின்னாலேயே மற்ற எருமைகளும் போயின. தையல் பிய்யவில்லை.

நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின் மேலேயே நின்றேன். நாட்டாமையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்தக் கண்மாய் திறக்கும் நாளுக்குத்தான் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் ஊருக்கு வருவார்கள் என்று பேச்சியம்மாள் என் காதருகே விளக்கிக்கொண்டிருந்தார். அதில் நாட்டாமையின் அக்காவும் ஒருவர். அதாவது, வேலுச்சாமியின் மனைவி. மீன்களை வலையிலிருந்து காப்பாற்றும் சங்கம் என்றுதான் ஊரில் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். நானோ ஒரு கண்மாயின் மொத்த மீனையும் வளருமுன்னே காலி செய்துவிட்டேன்.

"மன்னித்துவிடுங்கள். நான் செய்த தவறு என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"சொல்லிக் கில்லி வச்சிராதீக!" என்று பதறினார் மாயாண்டி. "யாரு வேணாலும் துண்ட அசைச்சுத் தொறக்கலாம்னு ஆயிப்போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு? துண்டு என் துண்டு, கல்லு என் கல்லு. கை யாரு கைன்னு இந்தக் கூட்டத்துக்கு எதுக்குத் தெரியணும்?"

துண்டை என் கையிலிருந்து பிடுங்கினார். என்னை இறக்கிவிட்டுக் கல்லில் ஏறினார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, ஏற்கெனவே மார்பளவுத் தண்ணீரில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஊருக்கு முறைப்படி துண்டை அசைத்தார். ஊர் இரண்டாவது முறையும் குலவையிட்டது.

வலையைக் கரைக்கு இழுத்தபோது அடியில் விராலும் கெளுத்தியும் கெண்டையும் துள்ளின. மேலே நின்றவை போயிருந்தன. அடியில் இருந்தவை தங்கியிருந்தன. வேலுச்சாமியின் இரண்டாவது சந்தேகமும் தீர்ந்தது. அவர் சேறு வழியக் கரையில் உட்கார்ந்து, வலையையும் பார்க்காமல் மீனையும் பார்க்காமல், தன் முழங்கையில் பதிந்திருந்த கட்டம் கட்டமான தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்மாய் மீனை விற்கக் கூடாது, வந்தவர்களுக்குக் கொடுத்துத்தான் தின்ன வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எனக்கும் ஒரு பங்கு வந்தது. வேலுச்சாமிக்கு இரண்டு பங்கு. "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கங்க மச்சான்" என்று மாயாண்டி பையை நீட்டினார். கறுப்பி மட்டும் அன்று சாயங்காலம் பால் தரவில்லையாம். பேச்சியம்மாள் அதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு ஆம்பள வாலப் பிடிச்சுத் தொங்குனா அதுக்கும் கூச்சமா இருக்காதா?" என்றார். நூர்ஜஹான் டீச்சர் இரவில் விரால் குழம்பு வைத்தார். டால்பினைக் காப்பாற்றுகிறவர்கள் மீன் சாப்பிடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "டால்பின் மீனில்ல, நாலு நாளா அதத்தான ஊரெல்லாம் சொல்லிட்டு வாரோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போனேன். சம்மதம் கேட்பதற்கான வாக்கியங்களை வழியெல்லாம் தயார் செய்துகொண்டே போனேன். அவற்றுக்குத் தேவை ஏற்படவில்லை. தறியில் பொடிக்கண் வலை ஏறியிருந்தது. வேலுச்சாமி பக்கத்திலேயே நின்றார். நேற்று கண்மாய்க்கு வராத ஒரு தறிக்காரர், "எதுக்குண்ணே இந்த ஓரத்துல மட்டும் பொடிக்கண்ணு? எவன் பாக்கப்போறான்?" என்று சலித்துக்கொண்டார்.

வேலுச்சாமி கூவவில்லை. "உள்ள மாட்டுனவன் பாப்பான்டா" என்றார்.

திங்கட்கிழமை லாரி குறித்த நேரத்தில் கிளம்பியது.

சில மாதங்கள் கழித்து அந்த வலையின் முதல் சோதனைக்காக என்னையும் கப்பலில் ஏற்றினார்கள். ஏறியதிலிருந்து வாந்தி. சூரைக் கூட்டத்தை வளைத்து முடித்ததும், கதவைத் திறக்க என்ன சைகை என்று கேப்டன் கேட்டார். கப்பலில் நல்ல விசில்கள் இருந்தன. நான், மாயாண்டி வழியனுப்பும்போது என் தோளில் போட்ட வெள்ளைத் துண்டைப் பையிலிருந்து எடுத்தேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எந்தப் பக்கமும் கரை இல்லை, ஊத்தாவோடு நிற்கிற ஆள் இல்லை. தைரியமாக அசைத்தேன்.

மிதவைகள் விலகின. சாம்பல் நிற முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பின் மேலாக வழுக்கிக்கொண்டு வெளியே போயின. நான் டால்பினை நேரில் பார்த்தது அப்போதுதான். கடைசியாக வந்தது மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று, மூக்கை நீட்டி, பின்னால் திரும்பிப் பார்த்தது. வாலைப் பிடித்துக்கொள்ள யாராவது பாக்கி இருக்கிறார்களா என்று பார்த்ததுபோல இருந்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.